போர்வையை இழுத்துவிட்ட கை



சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், மக்ரிபுக்குப் பின் மக்தபில் பிள்ளைகளிடம் ஸபக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரகடம் சிப்காட் வாயிலருகே தேநீர்க்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கடையநல்லூரிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு இங்கே வந்தவர். கையில் பளபளப்பான துண்டுப்பிரசுரம் ஒன்று. பிள்ளைகள் கலைந்ததும் அதை நம் முன் விரித்தார். “அனஸ்தீசியா நர்சிங் டிப்ளமோ. ஓராண்டு. வெளிநாட்டில் வேலை உறுதி” என்று அதில் அச்சிட்டிருந்தது.

“ஹஜ்ரத், சின்ன மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். இதில் சேரவேண்டும் என்கிறாள். முன்பணமும் கட்டிவிட்டேன். ஆனால் மனதில் ஓர் உறுத்தல். ஆளை மயக்கும் மருந்தைக் கொடுக்கிற வேலை ஹலால்தானா? பார்த்துச் சொல்லுங்கள்.”

அவர் கேட்டது ஒரு கேள்வி. அதைத் தொடர்ந்து போனபோது மூன்று கேள்விகள் எழுந்தன. அந்த வேலை கூடுமா? அந்தப் படிப்பு உண்மையானதா? மூன்றாவது கேள்வி நம்மைப் பற்றியது. அதை இறுதியில் எழுதுகிறோம்; எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதியே ஆகவேண்டும்.

முதலில், அந்தப் பிள்ளைக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று விசாரித்தோம். மறுநாள் தாயும் மகளும் நம் வீட்டிற்கு வந்தார்கள். முந்தைய ஆண்டு தாய்க்குக் கர்ப்பப்பையில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அதை அவர் நம் மனைவியிடம் சொல்லும்போது குரல் இன்னும் நடுங்கியது. கத்திக்கு அவர் அஞ்சவில்லை. முழுக்க மூடியே வாழ்ந்த உடலை, தெரியாத ஆண்கள் நிற்கும் குளிர்ந்த அறையில் ஒரு மெல்லிய பச்சைத் துணியோடு கிடத்தியதே அவரை உலுக்கியிருக்கிறது. முதுகில் ஊசி போட அவரை உட்காரவைத்துக் குனியச் சொன்னார்களாம். அப்போது முகமூடியணிந்த இளம்பெண் ஒருத்தி எதிரே நின்று, இரு தோள்களையும் பிடித்துக்கொண்டு, “அம்மா, என் தோளில் சாய்ந்துகொள்ளுங்கள், அசையாதீர்கள்” என்றாளாம். ஊசி முடிந்து படுக்கவைத்ததும், விலகிக் கிடந்த போர்வையை யாரும் சொல்லாமலே மார்புவரை இழுத்துவிட்டாளாம்.

“அந்தப் பிள்ளை முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் அவளுக்காக துஆச் செய்கிறேன்” என்றார் அந்தத் தாய்.

மகள் சொன்னது ஒரே வாக்கியம்: “ஹஜ்ரத், நான் அந்தப் பிள்ளையாக ஆகவேண்டும்.”

அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான். அந்தப் பெண் யார்? மருத்துவரா, செவிலியரா, தொழில்நுட்பப் பணியாளரா? கைபேசியில் தேடியபோது அமெரிக்காவில் நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் என்றொரு பதவி இருப்பதைக் கண்டிருக்கிறாள். அதே பெயரோடு ஒரு துண்டுப்பிரசுரமும் கைக்கு வரவே, இரண்டும் ஒன்றென்று நம்பிவிட்டாள்.

மார்க்கக் கேள்விக்கு விடை தேடுவது நமக்குப் பழகிய வேலை. அறிவை மறைப்பவை விலக்கப்பட்டவை என்பதை மக்தப் பிள்ளையும் அறியும். ஆனால் நம் ஃபிக்ஹு அறிஞர்கள் வாழ்க்கையை அறியாதவர்கள் அல்லர். அழுகிப்போன உறுப்பை வெட்டவேண்டிய நிலையில் உணர்வை மறைக்கும் மருந்தைக் கொடுக்கலாமா என்பதை அவர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே விவாதித்திருக்கிறார்கள். தேவையின் நிமித்தம் அத்தகைய மருந்தை உட்கொள்வது கூடும் என்பதை 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘அல்மஜ்மூஃ’வில் பதிந்திருக்கிறார்கள். அதற்கும் முன்னர் இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ என்னும் மருத்துவ நூலில் அபினி முதலிய மரத்துப்போகச் செய்யும் மருந்துகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

தாபிஈன்களில் ஒருவரான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் வரலாற்றை நாம் பலமுறை பயானில் சொல்லியிருக்கிறோம். அழுகிய காலை வெட்டவேண்டும் என்றபோது, உணர்விழக்கச் செய்யும் பானத்தை மருத்துவர்கள் நீட்டினார்கள். அவர் மறுத்து, அல்லாஹ்வின் திக்ரில் மூழ்கியபடியே காலை வெட்டக் கொடுத்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவருடைய பொறுமையை வியந்து நாம் அந்த பயானை முடித்துவிடுவோம். அந்தத் தாயின் பேச்சைக் கேட்ட பின்னரே அதன் மறுபக்கம் நமக்கு உறைத்தது. பானத்தை நீட்டிய மருத்துவர்கள் தவறு செய்தார்கள் என்று அந்த வரலாறு எங்கும் சொல்லவில்லை. உர்வாவின் உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதவர்களின் வலியைத் தணிப்பதும் அமானிதம்தான்.

அல்குர்ஆனின் ஸூரத்துஸ் ஸுமர் 42ஆம் வசனம், உயிர்கள் மரணத்தின்போதும் உறக்கத்தின்போதும் கைப்பற்றப்படுவதைப் பற்றிப் பேசுகிறது. ஒவ்வோர் இரவும் நம் உயிர் அவனிடம் ஒப்படைக்கப்பட்டுக் காலையில் திருப்பித் தரப்படுகிறது. மயக்க மருந்தின் கீழ்க் கிடப்பவரும் அத்தகைய நிலையில்தான் இருக்கிறார். அவருடைய மூச்சையும் நாடியையும் மானத்தையும் காக்கும் பொறுப்பு, விழித்திருக்கும் சிலரின் கையில் இருக்கிறது. சகோதரரிடம், “வேலை கூடும் பாய். அமானிதம் பேணி, இக்லாஸோடு செய்தால் அது இபாதத்தும் ஆகும்” என்றோம்.

இரண்டாம் கேள்விக்கு நம் இல்ம் போதவில்லை. நம் ஜமாஅத்தில் ஒருவருடைய மருமகள் அரசு மருத்துவமனையொன்றில் மயக்கவியல் மருத்துவராக இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டில் உட்கார்ந்து, நம் மாணவர்களைப் போலவே நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொண்டோம். அன்று குறித்ததையும் பின்னர் நாமே சரிபார்த்ததையும் இங்கே தருகிறோம். நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

அமெரிக்காவில் நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் என்பது உண்மையான, உயர்ந்த பதவி. அந்நாட்டில் செவிலியர்கள் மயக்க மருந்து கொடுத்துவருவது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தொடரும் வழக்கம். மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய ஆலிஸ் மகா என்ற செவிலியர், பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு மயக்க மருந்து தந்த அனுபவத்தை 1906இல் கட்டுரையாக வெளியிட்டார். அவர்களுக்கென்று தேசியச் சங்கம் 1931இல் தோன்றியது. இன்று அந்தப் பதவியை அடைய, முதலில் நர்சிங் பட்டம் பெற்றுப் பதிவுபெற்ற செவிலியர் ஆகவேண்டும். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு பணியாற்றவேண்டும். அதன் பிறகு ஏறத்தாழ மூன்றாண்டு முழுநேரப் படிப்பு. இறுதியில் தேசியத் தேர்வு. 2025 முதல் புதிதாக நுழைவோர் அனைவருக்கும் முனைவர் நிலைப் பட்டம் கட்டாயம். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து கணக்கிட்டால் எட்டு ஆண்டுகளுக்குக் குறையாது. துண்டுப்பிரசுரம் சொன்னதோ ஓராண்டு!

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே மயக்க மருந்து கொடுக்கும் அதிகாரம் மருத்துவருக்கு உரியது. ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., அதன்மேல் மூன்றாண்டு மயக்கவியல் மேற்படிப்பு என்பது வழமையான பாதை. கிராமப்புறங்களில் பிரசவ அறுவைக்கு மயக்கவியல் மருத்துவர் கிடைக்காத குறையைத் தீர்க்க ஒன்றிய அரசு ஒரு திட்டம் வகுத்தது. அப்போதும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கே உயிர்காக்கும் மயக்கவியல் திறன் என்ற பெயரில் 18 வாரப் பயிற்சி அளித்தது. செவிலியர்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. ஆகவே, இந்தியாவில் ‘மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ்’ ஆக்குகிறோம் என்று ஒருவர் விளம்பரம் செய்தால், இந்நாட்டில் இல்லாத ஒரு பதவிக்கு அவர் கட்டணம் வாங்குகிறார் என்று பொருள்.

“அப்படியென்றால் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார்?” என்று மாணவி கேட்டாள்.

மருத்துவர் சிரித்தார். “மூன்று பேரில் ஒருவர். மயக்கவியல் படிக்கும் இளம் மருத்துவராக இருக்கலாம். அறுவை அரங்கச் செவிலியராக இருக்கலாம். மயக்கவியல் தொழில்நுட்பராகவும் இருக்கலாம். தோளைப் பிடிப்பது எங்கள் எல்லோருக்கும் வேலைதான்” என்றார்.

முதல் வழியைத் திறக்க நீட் தேர்வு வேண்டும். அவள் அதை எழுதியிருக்கவில்லை. எஞ்சிய இரண்டையும் அவர் விளக்கினார்.

ஒன்று, செவிலியர் வழி. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கில் சேரலாம், மூன்றாண்டு டிப்ளமோவும் உண்டு. தேறியதும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்யவேண்டும். சென்னை மாகாணக் காலத்தில் 1926இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் அமைந்தது அந்தக் கவுன்சில். பட்டம் பெற்று ஓராண்டு பணியாற்றியவர்களுக்கு, தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற ஈராண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் அதற்கான பாடத்திட்டத்தைக் கடந்த பத்தாண்டில்தான் கொண்டுவந்தது. செயற்கைச் சுவாசக் கருவியைக் கையாளுதல், மூச்சுப்பாதையைக் காத்தல், இரத்த அழுத்தத்தை நிலைநிறுத்தும் மருந்துகள் ஆகியவை அதன் உயிர்நாடி. மயக்கவியலுக்கு மிக நெருங்கிய செவிலியர் படிப்பு நம் நாட்டில் இதுவே. என்றாவது கடல் கடந்து அந்த அமெரிக்கப் பதவியைத் தேடிப் போவதாயினும், பி.எஸ்சி. நர்சிங் பட்டமும் தீவிர சிகிச்சை அனுபவமும் வீண்போகா.

மற்றொன்று, தொழில்நுட்பர் வழி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. படிப்பு உள்ளது. மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்டது. இத்துறைகளை ஒழுங்குபடுத்த 2021இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித் தேசிய ஆணையம் ஒன்றை அமைத்திருக்கிறது. விடியற்காலையில் முதல் நோயாளி வருமுன் அரங்கிற்குள் நுழைந்து, ஆக்சிஜன் வருகிறதா, மயக்க இயந்திரத்தில் கசிவு உண்டா, தொண்டையைப் பார்க்கும் கருவியின் விளக்கு எரிகிறதா, எந்தெந்த அளவுக் குழாய்கள் தயாராக உள்ளன, உறிஞ்சும் கருவி இயங்குகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பவர் இவர். ஒன்றை மறந்தால் ஓர் உயிர் போகும்.

“அறுவைக்கு முன் ஆறு மணி நேரம் உணவு கூடாது, இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது என்கிறோமே, ஏன் தெரியுமா?” என்று மருத்துவர் மாணவியிடம் கேட்டார். “மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு வாய் தேநீர் குடித்ததைச் சிலர் மறைத்துவிடுவார்கள். அதைக் கோபப்படாமல் கேட்டறிந்து எங்களிடம் சொல்வது செவிலியர்தான். ஊசியைக் காட்டிலும் அந்தக் கேள்வி பெரியது.”

நாம் குறிப்பெடுத்துக்கொண்டே நோன்பை எண்ணினோம். யாரும் பாராத இடத்திலும் தண்ணீர் அருந்தாதிருக்கும் பயிற்சியைப் பெற்ற சமுதாயம் நாம். அந்தப் பெண்ணும் யாரும் பாராத இடத்தில்தான் போர்வையை இழுத்துவிட்டாள்.

மறுவாரம் சகோதரரோடு அந்த நிறுவனத்துக்குச் சென்றோம். நெடுஞ்சாலையை ஒட்டிய கடைவீதியில் ஒரு துணிக்கடையின் மாடி. சுவரில் சட்டமிட்டுத் தொங்கிய சான்றிதழ்களைப் படித்துப் பார்த்தோம். ஓர் அறக்கட்டளைப் பதிவு, ஒரு தரச்சான்று. பல்கலைக்கழக இணைப்பு இல்லை; நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் இல்லை. கேட்டதற்கு, “வேலை கிடைத்தால் போதாதா ஹஜ்ரத்?” என்றார் அங்கிருந்தவர்.

நம் வழக்கில் ஸனத் என்றொன்று உண்டு. இனிய குரல் இருந்தாலும், உஸ்தாதிடம் ஓதிக்காட்டி இஜாஸத் பெறாதவரிடம் நாம் பிள்ளைகளை ஹிஃப்ழுக்கு ஒப்படைப்பதில்லை. யாரிடமிருந்து கற்றார், அவர் யாரிடமிருந்து கற்றார் என்று நபி (ஸல்) அவர்கள் வரை கேட்கிறோம். ஓர் எழுத்தின் உச்சரிப்புக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், ஒரு மனிதரின் மூச்சைக் கையில் எடுப்பவருக்கு எத்தனை எச்சரிக்கை வேண்டும்? கவுன்சில் பதிவு என்பது இந்தத் தொழிலின் ஸனத்.

ஜமாஅத் பெரியவர்களோடு மூன்று முறை சென்ற பிறகு மாணவியின் அசல் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. முன்பணமாகக் கட்டிய இருபதாயிரம் ரூபாயில் ஐயாயிரம் மட்டுமே திரும்பியது.

அந்தப் பணம் யாருடையது என்பதைத் திரும்பும் வழியில்தான் சகோதரர் சொன்னார். “பெரியவள் சேர்த்துவைத்தது ஹஜ்ரத்.”

இனி மூன்றாம் கேள்வி.

அந்தப் பெரிய மகளும் நம் மக்தபில் ஓதியவள்தான். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, நர்சிங் படிக்கலாமா என்று இதே தகப்பனார் நம்மிடம் கேட்டார். அன்று நாம் அதிகம் யோசிக்கவில்லை. “இரவுப் பணி இருக்கும், ஆண்கள் வார்டு இருக்கும், பெண்பிள்ளைக்கு வேண்டாம் பாய்” என்று இரண்டு நிமிடங்களில் சொல்லிவிட்டோம். அவர் நம் சொல்லை மார்க்கத்தின் சொல்லாக எடுத்துக்கொண்டார். அவள் படிக்கவில்லை. ஓராண்டு வீட்டில் இருந்தாள். பிறகு மின்னணுத் தொழிற்சாலையொன்றில் ஒப்பந்தப் பணியில் சேர்ந்தாள். இன்று சுழற்சி முறையில் இரவுப் பணியும் பார்க்கிறாள். நாம் பஜ்ருக்குப் பள்ளிக்கு நடக்கும் வேளைகளில், இரவெல்லாம் நின்ற கால்களோடு கம்பெனிப் பேருந்திலிருந்து அவள் இறங்குவதைப் பலநாள் கண்டிருக்கிறோம். ஸலாம் சொல்வாள், நாமும் பதில் சொல்லிக் கடந்துவிடுவோம். எந்த இரவுப் பணிக்கு அஞ்சி அவளுடைய படிப்பைத் தடுத்தோமோ, அதே இரவுப் பணியை, பட்டமும் பதிவும் இல்லாமல் அவள் செய்துகொண்டிருக்கிறாள் என்பது நமக்கு உறைக்க ஆறு ஆண்டுகள் ஆயின.

இந்த மண்ணின் நிலைமையை நாம் அறியாதவர்கள் அல்லர். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் கார் வெளிவந்ததும், ஒரகடத்தில் 2010இல் கார் ஆலை திறந்ததும், சுங்குவார்சத்திரம் பக்கம் கைபேசிகள் உருவாவதும் நம் கண்முன் நிகழ்ந்தவை. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த தங்குமிடத்தில் மட்டும் 18,720 பேர் தங்க முடியும். பெண்கள் இங்கே இரவில் வேலை செய்வது நம் ஃபத்வாவுக்குக் காத்திருக்கவில்லை. நம் தடை ஒன்றைத்தான் சாதித்தது: அவர்கள் படிப்போடு போகவேண்டியதைப் படிப்பில்லாமல் போகச் செய்தது.

அன்றைய நம் பதிலுக்கு மார்க்கம் பொறுப்பல்ல. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு, மஸ்ஜிதுந் நபவீயில் அமைத்த கூடாரத்தில் சிகிச்சை செய்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. நபி (ஸல்) அவர்களோடு ஏழு போர்களுக்குச் சென்று நோயாளிகளைக் கவனித்தவர் உம்மு அத்திய்யா (ரலி). இவற்றை நாமே பாடமாக நடத்தியிருக்கிறோம். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்து, முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்கள் இருக்க எல்லோரும் ஃபிக்ஹு படிக்க மட்டும் முந்துவதைக் கண்டிக்கிறார்கள். அந்தப் பகுதியையும் நாம் கிதாபில் வாசித்திருக்கிறோம். நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்த பிள்ளையின் முகத்தோடு சேர்த்து வாசிக்கவில்லை.

நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. நிஜாம் மீர் மஹ்பூப் அலி கானின் ஹைதராபாத்தில், மருத்துவப் பள்ளி 1885இல் பெண்களுக்கும் கதவைத் திறந்தது. அன்று சேர்ந்தவர்களில் ஒருவர் ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பார்ஸிப் பெண். அங்கே அறுவை மருத்துவர் எட்வர்டு லாரியிடம் குளோரோஃபார்ம் கொடுக்கும் முறையைக் கற்றார். உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். 1888இலும் 1889இலும் நிஜாமின் பொருளுதவியில் குளோரோஃபார்ம் ஆய்வுக் குழுக்கள் அதே நகரில் கூடின. நோயாளியின் மூச்சைக் கவனி என்பதே அவர்களின் முடிவு. குளோரோஃபார்ம் இதயத்தையும் நேரடியாக நிறுத்தக்கூடும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அவர்களின் முடிவு முழுமையானதல்ல என்பது தெரிந்தது. ஆயினும் மூச்சைக் கவனி என்ற பாடம் இன்றும் நிற்கிறது. அந்தப் பெண் 1909இல் மேற்படிப்புக்காக எடின்பரோ வரை சென்றார். நூறாண்டுகளுக்கு முன், நம் சமுதாயத்தவர் ஒருவரின் ஆட்சியில் திறந்த கதவை நாம் 21ஆம் நூற்றாண்டில் சாத்திக்கொண்டிருந்தோம்.

ஹிஜாபைப் பற்றிய கவலை பொய்யென்று சொல்லவில்லை. அறுவை அரங்கில் தலையையும் முகத்தையும் மூடுவது எல்லோருக்கும் விதி. ஆனால் கையை முழங்கைவரை கழுவவேண்டியிருக்கும். அந்த மருத்துவர், அரங்கிற்குள் அணியும் தூய தலையுறையையும், கழுவவேண்டிய நேரத்தில் மட்டும் கையை மடித்துப் பின் மூடிக்கொள்வதையும் எடுத்துச் சொன்னார். இரவில் தந்தையோ சகோதரனோ அழைத்துவரும் ஏற்பாடும், விடுதியும் தேவைப்படும். இவை தீர்க்கவேண்டிய சிக்கல்கள்; கதவைச் சாத்துவதற்கான காரணங்கள் அல்ல. அறுவை மேசையில் படுக்கும் நம் தாய்மார்கள், பக்கத்தில் ஒரு பெண் நிற்கவேண்டும் என்று ஏங்குகிறார்கள். அந்தப் பெண்ணை யாராவது ஒரு தாய் பெற்று, ஒரு தகப்பன் படிக்க அனுப்பியிருக்கவேண்டும் அல்லவா?

சின்ன மகளுக்கு பி.எஸ்சி. நர்சிங்குக்கும், இணை மருத்துவப் படிப்புக்கும் சேர்த்தே விண்ணப்பித்தோம். தமிழ்நாட்டில் இவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் நடப்பிலுள்ள 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இருமுறை நடந்தோம். அரசுப் பள்ளியில் படித்தவள் ஆதலால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் கிடைக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான சான்றிதழையும் வாங்கிவைத்தோம். கலந்தாய்வில் நர்சிங் இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

கல்லூரிக்குப் புறப்படுமுன் இரு சகோதரிகளும் நம் வீட்டிற்கு வந்தார்கள். நாம் பெரியவளிடம், “மகளே, அன்று நாம் சொன்னது பிழை. சரியாக விசாரிக்காமல் சொன்னோம். எங்களை மன்னித்துவிடு” என்றோம். நாற்பதைக் கடந்த ஓர் ஆசிரியருக்கு அந்தச் சொற்கள் எளிதாக வரவில்லை.

அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “மன்னித்துவிட்டேன் ஹஜ்ரத். எனக்கு இருபத்துநான்கு வயது. இப்போது சேர முடியுமா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்” என்றாள்.

விசாரித்தோம். மூன்றாண்டு டிப்ளமோவுக்கு அவளுடைய வயது தடையில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டின் வாடகை ஓடுகிறது. அவள் மூன்றாண்டு வேலையை விட்டால் அந்த இடத்தை யார் நிரப்புவது? இதை நம் பள்ளியின் நிர்வாகத்திடம் வைத்திருக்கிறோம். கல்வி நிதி மாணவனின் கட்டணத்தைக் கட்டுவதோடு நின்றுவிடாமல், படிப்பதற்காக வருமானத்தை இழக்கும் குடும்பத்தையும் தாங்கலாமா என்று கேட்டிருக்கிறோம். ஒரு பெரியவர் தயங்குகிறார். ஒருவர் ஓராண்டுக்குத் தாம் பொறுப்பு என்கிறார். முடிவு இன்னும் ஆகவில்லை. அடுத்த சேர்க்கைக்குள் ஆகவேண்டும்.

சகோதரர்களே, ஆலிம்களே, நம்மைப் போன்ற உஸ்தாதுமார்களே! பிள்ளைகள் படிப்பைப் பற்றி நம்மிடம் கேட்க வரும்போது, அறியாததை அறியவில்லை என்று சொல்வோம்; அறிந்தவரிடம் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். பெற்றோர்களே! விளம்பரத்தைக் கண்டு பணம் கட்டுமுன் எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கவுன்சில் என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அசல் சான்றிதழை எவர் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போதும் சில நாள் பஜ்ருக்குப் போகும்போது அந்தப் பேருந்து நிற்கிறது. அவள் இறங்குகிறாள், ஸலாம் சொல்கிறாள். முன்போல் பதில் சொல்லிக் கடந்துவிட நம்மால் முடியவில்லை.

யா அல்லாஹ்! நாங்கள் அறியாமல் சொன்ன சொற்களால் எந்தப் பிள்ளையின் பாதை அடைபட்டதோ, அதை உன் கருணையால் திறந்துவிடுவாயாக. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கும், அவளைப் போல் உணர்வற்றுக் கிடப்போரின் மூச்சையும் மானத்தையும் காக்கும் அனைவருக்கும் நற்கூலி வழங்குவாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.